அடுப்பு வாசல் தாண்டினால்

முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். ஆளைத் தொடுவது அப்புறம்தான். இந்த ஒழுங்கைக் கிரேன் அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் குடியிருந்தவள் அடுப்பிலிருந்த வெந்நீரைப் பாத்திரத்தோடு வீசினாள். இடது தோளிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து தொங்கியது. ஆறியபோது அந்த இடம் கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் கண் ஆளைத் தேடுவதில்லை, அடுப்பைத்தான் தேடும். கை தானாகப் போய் அடுப்பின் திருகை மூடும். பிறகுதான் திரும்பி, "வாங்கம்மா, போலாம்" என்பாள். பதிலுக்குக் கரண்டி வரும், நகம் வரும், சில வீடுகளில் பல்லும் வரும். அவளுடைய வலது காது மடலில் ஒரு துண்டு இல்லை. அதைக் கடித்து எடுத்தவள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை.

அவள் செய்கிற வேலைக்கு நல்ல பெயர் எதுவும் கிடையாது. வாடகை கட்டவேண்டிய கெடு தாண்டி, கூடுதலாகக் கொடுத்த சலுகைக் கெடுவும் தாண்டி, விவகாரம் கோர்ட்டுக்குப் போய், காலி செய்யும்படி உத்தரவு வந்த வீடுகளுக்கு அமீனா போவார். கோர்ட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற அதிகாரி அவர். எதற்கும் "மன்னிக்கணும்" என்று ஆரம்பிப்பவர், ஓயாமல் வயிற்று மாத்திரையைச் சப்பிக்கொண்டிருப்பவர். அவருக்குப் பின்னால் இரண்டு சுமை ஆட்கள். ஒருவன் கனமானதைத் தூக்குவான், மற்றவன் மிச்சத்தை. அதனால் அவர்களை எல்லோரும் மேசை, நாற்காலி என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் பெண் இருந்தால் ஆண்கள் தொடக்கூடாது, கூட ஒரு பெண் ஆள் இல்லாமல் உள்ளே காலே வைக்கக்கூடாது என்பது சட்டம். அந்தப் பெண் ஆள்தான் கிரேன் அக்கா. பெண்ணை வெளியே கொண்டுவருவதும், சமையலறையை வெளியே கொண்டுவருவதும் அவள் பொறுப்பு.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்றும் அந்தத் தொழிலில் இருந்தது. கட்டில் வெளியே வரலாம், அலமாரி வரலாம், சுவரிலிருந்த ஆணி வரைக்கும் வரலாம். அடுப்பு உள்ளே இருக்கிறவரை வீடு கைமாறியதாக ஆகாது. பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரியும்போதும் அடுப்பு உள்ளேயே இருந்தால், எடுத்ததையெல்லாம் திரும்ப வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். உத்தரவு அத்தோடு செத்தது. வீட்டு ஓனர் மறுபடியும் முதலிலிருந்து கோர்ட்டுக்கு நடக்கவேண்டும். அடுப்பு வாசல்படியைத் தாண்டிவிட்டதோ, அமீனா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொள்வார். அதற்குமேல் அழுதாலும் புரண்டாலும் பயனில்லை. அடுப்பை எவள் தூக்கிவந்தாளோ அவளுக்கு அன்றைய கூலி. அதன் பெயரே அடுப்புக் கூலிதான்.

இந்த வேலைக்கு முன்னால் அவள் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாள். கிரேன் என்ற பெயர் அங்கே ஒட்டியதுதான். புருஷன் ஒரு நாள் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். வேலையைக் கண்டுபிடித்தானோ இல்லையோ, வீட்டுக்கு வரும் வழியைத் தொலைத்துவிட்டான். அவன் தங்கை மட்டும் அண்ணியோடு தங்கிவிட்டாள். "அவன் போற பக்கமெல்லாம் போக நான் என்ன அவன் செருப்பா?" என்றாள். நாத்தனாருக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தக் கறையைப் பார்த்தே எந்த வார்டுத் துணி என்று சொல்வாள். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வாய். இரண்டு பேரும் மருந்துக்கடைக்கு மேலே, கடைக்காரருக்குச் சொந்தமான இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். முன்னறைக்கு ஜன்னல் உண்டு. சமையலறை இருட்டு. பகலிலேயே விளக்கு வேண்டும்.

அப்புறம் அந்தக் கெட்ட காலம் வந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஊரில் பாதிப் பேர் வாடகை கொடுக்க முடியாமல் திணறினார்கள். சட்டசபை கூடி, வாடகை பாக்கிக்காக யாரையும் வெளியேற்றக்கூடாது என்று தற்காலிகமாக ஒரு சட்டம் போட்டது. அதற்கும் ஒரு கெடு இருந்தது. கெடு நெருங்கும்போதெல்லாம் கூடி நீட்டித்தார்கள். ஊரே அந்தச் சட்டத்தைக் கும்பிட்டது. கிரேன் அக்காவின் பிழைப்பில் மட்டும் மண் விழுந்தது. காலி செய்ய வீடு இல்லை என்றால் அவளுக்குக் கூலி ஏது? சந்தைக்குத் திரும்பிப் போனால் அங்கே தள்ளுவண்டிகள் வந்திருந்தன. நாத்தனார் சம்பளம் வயிற்றுக்குச் சரியாகப் போயிற்று. வாடகை நின்றது. எந்தச் சட்டத்தால் வேலை போனதோ அதே சட்டத்தின் தயவில்தான் அவளும் அந்த இரண்டு அறைகளில் காலை நீட்டிப் படுத்தாள்.

மின்சாரக் கட்டணத்துக்கு அந்தத் தயவு கிடையாது. கெடு தாண்டியதும் ஏணியோடு ஓர் ஆள் வந்தான். ஃபியூஸைப் பிடுங்க ஏறியவனை, "இறங்குடா கீழே, உங்க வீட்ல விளக்கு எரியலையா?" என்று கத்திக்கொண்டே நாத்தனார் ஏணியைப் பிடித்து உலுக்கினாள். அவன் மருந்துக்கடையின் பெயர்ப்பலகை மேல் விழுந்து, அதிலிருந்து தெருவில் விழுந்து, முன்பல் இரண்டைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனான். மறுநாள் மூன்று பேரோடு வந்தான். ஃபியூஸோடு வயரையும் சேர்த்து உருவிக்கொண்டு போனார்கள். சமையலறையில் அன்றிலிருந்து பகலிலும் மெழுகுவர்த்திதான். பெரிய சிலிண்டரை விற்றார்கள். தலையிலேயே பர்னர் பொருத்திய குட்டிச் சிலிண்டர் ஒன்று, அதுதான் அடுப்பு.

சட்டம் காலாவதியான செய்தியை நாத்தனார்தான் சலவைக்கூடத்து ரேடியோவில் கேட்டுக்கொண்டு வந்தாள். வந்ததும் செருப்பைக் கழற்றாமல் சிரித்தாள்.

"அண்ணி, கேட்டீங்களா கூத்தை? நேரம் முடியப்போகுதுன்னு சபையில இருக்கற கடிகாரத்தை நிறுத்திட்டாங்களாம். முள்ளு நகரலைன்னா கெடு தாண்டலையாம். நிறுத்திட்டு விடிய விடியச் சண்டை."

"அப்புறம்?"

"ஒருத்தர் இன்னொருத்தர் மேல மைக்கைப் பிடுங்கி அடிச்சிருக்காரு. மண்டை உடைஞ்சுது. சபையை ஒத்திவெச்சாச்சு. சட்டம் அப்படியே பூடுச்சு." சிரிப்பை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தாள். "நம்ம மீட்டரை நிறுத்த வந்தானே, அவன்கிட்ட இந்த யோசனையைச் சொல்லியிருக்கலாம்."

மறுநாள் காலையில் அமீனா ஆள் அனுப்பினார். கிரேன் அக்கா போனபோது அவர் மேசையில் உத்தரவுகள் முழங்கை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இரண்டு வருஷமாகச் சட்டத்துக்குப் பயந்து பதுங்கியிருந்தவை.

"மன்னிக்கணும்மா," என்றார் அமீனா. "உன் வீடும் இதுல இருக்கு."

அவள் அந்தக் கட்டை மேலிருந்து கீழே பார்த்தாள். "எங்க இருக்கு?"

"அடியில. நான்தான் அடியில வெச்சேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான். மேல இருந்து எடுத்துட்டு வருவோம். அதுக்குள்ள நீ சம்பாதிச்சு மருந்துக்கடைக்காரர் கையில பாதியாவது குடுத்துட்டா அவர் வாபஸ் வாங்கிக்கலாம். இல்ல, சபை மறுபடி கூடிச் சட்டத்தைத் தூசி தட்டி எடுக்கலாம்."

"வேலைக்கு வரலைன்னா?"

"கட்டு குறையாது. உனக்குக் கூலியும் வராது. நீயே முடிவு பண்ணு."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு அடுப்பைத் தூக்கி வெளியே வைக்கும்போதும் தன் வீட்டை நோக்கி ஓரடி நடக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். "மெதுவாச் செய்ங்களேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "மெதுவாச் செஞ்சா தெருவிளக்கு எரிஞ்சிடும்டி. அப்புறம் கூலி எங்கேர்ந்து வரும்?"

இரண்டு வருஷம் உள்ளே அடைபட்டிருந்த ஜனங்களுக்குக் கோபமும் அதே அளவு ஊறியிருந்தது. ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் மேசையின் தொடையில் கத்திரிக்கோலைச் செருகினார். இன்னொரு வீட்டில் அக்காவும் தங்கையும் சேர்ந்து கிரேன் அக்காவைக் குளியலறையில் தள்ளி, தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தினார்கள். மூச்சு முட்டி, கண் பிதுங்கி, கடைசியில் கையில் அகப்பட்ட ஒரு காலைப் பிடித்து இழுத்துத்தான் தப்பினாள். இழுபட்டவளின் தாடை தொட்டியின் விளிம்பில் மோதிய சத்தம் நாலு நாளைக்கு அவள் காதிலேயே இருந்தது. வேறொரு வீட்டில் ஒருத்தி எதிர்க்கவே இல்லை. அடுப்பைத் தானே துடைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அமீனாவின் முகத்தில் காறி உமிழ்ந்தாள். "மன்னிக்கணும்மா" என்றபடி அவர் துடைத்துக்கொண்டார்.

தையல்காரியின் வீடு கட்டின் பாதியில் வந்தது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துவைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்து மறுபடியும் மிதித்தாள்.

"இந்த ஒரு கையை மூட்டிட்டு வந்துடறேன். நாளைக்குக் கல்யாணப் பொண்ணு போட்டுக்கறது."

"மூட்டும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே கிரேன் அக்கா சமையலறைக்குள் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் திருகை ஒருதரம் திருகிப் பார்த்தாள். திரும்பினாள். தையல்காரி அவளுக்கு நேர் எதிரில் நின்றிருந்தாள். கையில் இஸ்திரிப் பெட்டி. பழைய காலத்து இரும்பு.

தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற நாற்காலிக்கே கேட்டதாம். இரண்டாவது அடி ஓங்குவதற்குள் இடது கையால் தையல்காரியின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து, அவள் நெற்றியைக் கதவு நிலையில் ஒரு மோது மோதினாள். அவள் விழவில்லை. ரத்தம் கண்ணுக்குள் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, "என் குழந்தைங்க சாயங்காலம் எங்கடி வரும்? சொல்லுடி, எங்க வரும்?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தாள். கிரேன் அக்கா கூந்தலை விடாமல் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளினாள். பிறகு உள்ளே வந்து ஒற்றைக் கையால் அடுப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். முறிந்த கை அதன் பாட்டுக்குத் தொங்கியது.

அமீனா நேரத்தை எழுதிக்கொண்டார். எழுதும்போதே தையல்காரியை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கிரேன் அக்கா கவனித்தாள். சந்தையில் ஒரு நாள் இரண்டு மூட்டைகளை ஒன்றாகத் தூக்கியபோது அவரிடமிருந்து தன்மேல் விழுந்த அதே பார்வை.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாள். கையிலிருந்த கூலியைக் கொண்டுபோய் மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இதை வாங்கினா கோர்ட்டுல கேஸ் பலவீனமாயிடும்னு வக்கீல் சொல்றாரு. எனக்கு உங்க மேல ஒரு விரோதமும் இல்லைங்க. பாங்க்ல எனக்கும் கெடு வெச்சிருக்கான். மேல் மாடியை வித்தாத்தான் கடை மிஞ்சும்."

"அப்ப முழுசாக் கொண்டு வரேன்."

"கொண்டு வாங்க. ஓடியா போறேன்?" என்றார். கையை எட்டிப் பார்த்து, வலிக்கு இரண்டு மாத்திரை சும்மா கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் நாற்காலி அவளைப் பார்க்க வந்தான். வாழைப்பழம் வாங்கி வந்திருந்தான். பழத்தைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அந்தத் தையல்காரியைத்தான் சேர்த்திருக்கார்க்கா."

"எனக்கு அன்னிக்கே தெரியும். எப்படிச் செய்யறா?"

"அடிக்கறாக்கா. கேள்வி கிடையாது, அடிதான். உங்களைவிட வேகம். நேத்து ஒரு நாள்ல மூணு வீடு."

நாத்தனார் தட்டை நங்கென்று வைத்தாள். "வாழைப்பழம் வாங்கிட்டு வந்து நல்ல சேதி சொல்றான் பாரு. உத்தரவுக் கட்டு எவ்வளவுடா இருக்கு?"

நாற்காலி இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினான். அவ்வளவு கனம்தான் மிச்சம்.

சட்டசபை மறுபடி கூடியது. மண்டை உடைந்தவர் தலையில் கட்டோடு வந்து பேசினார். இன்று வாக்கெடுப்பு, நாளை வாக்கெடுப்பு என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் கிரேன் அக்கா வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

நாத்தனார் காலை ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். இரண்டு பேரும் தயாராக இருந்தார்கள். கட்டிலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். குட்டி அடுப்பில் வெந்நீர் தளதளவென்று கொதித்தது. பக்கத்து அலமாரித் தட்டில் மெழுகுவர்த்தி. தெருவிளக்கு எரிகிறவரை தாக்குப்பிடித்தால் போதும். உத்தரவு செத்துவிடும். புது உத்தரவு வருவதற்குள் சட்டம் வந்துவிடும்.

"மன்னிக்கணும்மா, நான்தான்" என்றது வெளியே குரல்.

"தெரியுது. பெண் ஆள் இருக்காளா?"

"இருக்காம்மா."

"அப்ப வரச் சொல்லுங்க. வந்தாப் போறபோது ஆளா போகமாட்டா."

மேசை கடப்பாரையை வைத்துக் கதவை நெம்பினான். மேல் கீல் கழன்று, கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் திறந்த சந்தில் தையல்காரி தலையைக் கொடுத்து நுழைந்தாள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது. அடுப்பை அவள் பார்க்கவே இல்லை. கண்கள் நேராகக் கிரேன் அக்காவைப் பிடித்தன. புது ஆள், தோள் இன்னும் வெந்ததில்லை.

"வாங்கம்மா, போலாம்" என்றாள் தையல்காரி. சொல்லும்போதே தலையைக் குனிந்து நெஞ்சில் முட்டினாள்.

நாத்தனார் வெந்நீரை வீசினாள். பாதி சுவரில் போயிற்று. மீதி சந்து வழியாகப் போய் மேசையின் முழங்காலில் கொட்ட, அவன் அம்மா என்று அலறினான். கிரேன் அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையையே உலக்கையாக ஓங்கித் தையல்காரியின் கன்னத்தில் இறக்கினாள். அந்த அடியில் அடித்தவளுக்குத்தான் முதலில் கண் இருட்டியது. ஆறிக்கொண்டிருந்த எலும்பு மறுபடியும் விட்டுப்போன வலி உச்சந்தலை வரைக்கும் ஏறியது. தையல்காரி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, அதே கட்டைப் பிடித்துத் திருகினாள். கிரேன் அக்கா அவள் தோளைக் கடித்தாள். ஒருவரை ஒருவர் விடாமல் சமையலறைக்குள் உருண்டார்கள். நாத்தனார் பின்னாலிருந்து தையல்காரியின் முதுகில் வெறும் பாத்திரத்தால் சாத்திக்கொண்டே வந்தாள்.

அலமாரி ஆடியது. மெழுகுவர்த்தி சரிந்தது. அலமாரியை மறைத்த நைலான் திரை குப்பென்று பற்றிக்கொண்டது.

நைலான் எரிவது வேறு மாதிரி. அது சொட்டும். எரிகிற சொட்டு ஒன்று நாத்தனாரின் முன்தலையில் விழுந்து முடி பொசுங்கியது. இன்னொன்று தையல்காரியின் கையில் ஒட்டிக்கொண்டது. திரையின் கீழ்ப்பாதி கழன்று, இன்னும் எரிந்துகொண்டிருந்த அடுப்பின் மேல் சாய்ந்தது.

கிரேன் அக்கா யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையே அதில் இல்லை. கை போயிற்று. திரையை உதறித் தள்ளியது, திருகை மூடியது, சிலிண்டரின் கழுத்து வளையத்தைப் பிடித்தது. தீ நாலாபுறமும் எட்டுகிற அந்தப் பொந்தில் அது வெடித்தால் மூன்று பேரையும் சுவரிலிருந்து சுரண்டித்தான் எடுக்கவேண்டும். தூக்கி இடுப்பில் வைத்தாள். கட்டிலின் மேல் ஏறிக் குதித்து, சாய்ந்த கதவை முட்டித் தள்ளி, வாசலைத் தாண்டி மாடிப்படி மேடை வரைக்கும் ஓடினாள். அங்கேதான் நின்றாள். உள்ளே போர்வையால் அடிக்கிற சத்தம் கேட்டது. "அந்தப் பக்கம் அடிடி! கீழ, கீழ!" என்று நாத்தனாரும், "தண்ணி எங்க? தண்ணி எங்கடி வெச்சிருக்க?" என்று தையல்காரியும் கத்திக்கொண்டிருந்தார்கள். புகை வந்தது. பிறகு குறைந்தது. அணைந்துவிட்டது. யாரும் சாகவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் அமீனாவைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்பைப் பார்த்தாள். சூடு புடவையைத் தாண்டிச் சுட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றாள். "ஐயா, அது நெருப்புக்காக."

"தெரியும்மா."

"நான் வீட்டைக் குடுக்கலை. வெடிச்சிடும்னு தூக்கினேன்."

"எனக்குத் தெரியாதா? ஆனா அடுப்பு வெளியே வந்துடுச்சேம்மா." வழக்கமாக அவர் சொல்கிற மன்னிக்கணும் அன்று வரவில்லை. பேனாவைத் திறந்தார்.

அவள் அடுப்போடு திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். மேசை நிலையை அடைத்துக்கொண்டு நின்றான். பத்து வருஷமாக ஒரே வண்டியில் போனவன். அவள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியவன்.

"வழி விடு."

"முடியாதுக்கா."

சிலிண்டரின் அடிப்பாகத்தால் அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து உதட்டுக்கு ரத்தம் இறங்கியது. அவன் நகரவில்லை. கையைக்கூட ஓங்கவில்லை. "அடிக்கா. இன்னும் அடி. நகர்ந்தேன்னா நாளைக்கு எனக்கு வேலை இல்ல" என்றான். இன்னொரு முறை அடித்தாள். மூன்றாவது முறைக்குத் தூக்கிய கையை நாற்காலி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். அழுதுகொண்டே பிடித்திருந்தான். அந்தப் பிடி தளரவேயில்லை.

அடுப்பைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நாத்தனார் பொசுங்கிய முடியோடு வெளியே வந்து அடுப்பைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. நேராகப் படியிறங்கி மருந்துக்கடைக்காரரின் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு ஏறி வந்தாள். அவர் கண்ணாடி படியில் உருண்டது.

கிரேன் அக்கா தலையைத் தூக்கினாள்.

"ஐயா, நான் தூக்கினது வேலைங்கறீங்களா, இல்லைங்கறீங்களா?"

"என்னம்மா கேக்கற?"

"வேலைன்னா அடுப்புக் கூலியைக் குடுங்க. வேலை இல்லைன்னா அடுப்பு வெளிய வரலை. நான் உள்ள கொண்டு போறேன்."

அமீனா பேனாவோடு நின்றார். மூக்கில் ரத்தத்தோடு நின்ற மேசையைப் பார்த்தார், பேனா மூடியைக் கடித்தார். வழக்கம் அவருக்கும் சேர்த்துத்தானே வழக்கம்? கடைசியில் பையிலிருந்து கூலியை எடுத்து அவள் இடது கையில் வைத்தார். அவள் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அதோடு வீடு போயிற்று.

தையல்காரி அப்போதுதான் வெளியே வந்தாள். இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்துக் கறுத்திருந்தன.

"என் கூலி?"

"அடுப்பு அவங்க தூக்கினாங்கம்மா" என்றார் அமீனா.

"நான் நெருப்பை அணைச்சேன்! கையைப் பாருங்க! இவ நாத்தனார் தலை வெந்திருக்கும், நான்தான் அணைச்சேன்!"

"அதுக்குக் கூலி இல்லையேம்மா."

தையல்காரி வெந்த கையாலேயே கிரேன் அக்காவை அறைந்தாள். அறைந்த வலியில் தானே அலறினாள். கிரேன் அக்கா எழுந்து திருப்பி அறைந்தாள். கூலியை எடுத்துக் கொடுக்கவில்லை. பாதியும் கொடுக்கவில்லை. தையல்காரியின் குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்கவேண்டும் போல் ஒரு நொடி இருந்தது. கேட்டால் கொடுக்கவேண்டி வரும் என்று கேட்கவில்லை.

"போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் நாத்தனார். "சாமானைப் பாருங்க. இவன் கண்ணாடிச் சாமானை அடியில போட்டு மேல அம்மியைப் போடறான்." நாற்காலியின் கையிலிருந்த கூடையைப் பிடுங்கினாள்.

எல்லாம் தெருவுக்கு வந்தபிறகு, தெருவிளக்கு எரிந்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பின்னால், கிழிந்த படுக்கை விரிப்புகளைப் போட்டுவைக்கிற அறை ஒன்று இருந்தது. மேற்பார்வையாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, நாத்தனார் சனிக்கிழமை வரைக்கும் அதை வாங்கியிருந்தாள். சனிக்கிழமை புதுத் துணி வரும், அறை வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு போன மறுநாள் மத்தியானம் நாத்தனார் கூடத்துப் பக்கமிருந்து ஓடிவந்தாள்.

"சட்டம் திரும்பி வந்துடுச்சு அண்ணி! ஓட்டுப் போட்டுட்டாங்க."

கிரேன் அக்கா புதுக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யாருக்கு?"

நாத்தனார் செருப்பைக் கழற்றினாள். "இன்னியிலேர்ந்தாம். வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு."

அமீனாவின் மேசையிலிருந்த கட்டு அவள் வீட்டோடு தீர்ந்துபோயிற்று, இனி வருகிற உத்தரவுகள் மறுபடியும் தூங்கப் போய்விடும். தையல்காரிக்கும் இனி வேலை இல்லை. கிரேன் அக்கா எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரே கதவு. உள்பக்கமாகத் திறப்பது. தாழ்ப்பாள் பெயருக்குத்தான், ஓர் உதைக்குத் தாங்காது. மூலையில் உபயோகத்தில் இல்லாத இஸ்திரி மேசை ஒன்று நின்றது. இரும்புக் கால், மேலே கனத்த பலகை. இடது தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். விரல் அளவு நகர்ந்தது.

"என்ன பண்றீங்க?"

"சனிக்கிழமை எத்தனை பேர் வருவாங்க?"

"மேற்பார்வையாளர், ரெண்டு தூக்கற ஆளு. பொம்பளை யாரும் வரமாட்டாங்க."

"அப்ப பரவாயில்ல" என்றாள் கிரேன் அக்கா. "இந்தப் பக்கம் வந்து பிடி. கதவு வரைக்கும் போகுதான்னு பார்ப்போம்."